நாற்பத்தைந்து வேலை நாட்கள்

பன்னிரண்டாவது தளத்துக்கும் எழுதிவிட்டேன்:
என் பெயர் ரேணுகாம்பாள். உங்கள் பட்டியலிலிருந்து
என்னை எடுத்துவிடுங்கள்.
உடனே பதில் வந்தது, மனிதர் யாரும் எழுதாத பதில்.
எடுப்பதற்கு முன்
நீங்கள்தான் நீங்கள் என்று காட்ட வேண்டும்.
இதுவரை குடியிருந்த முகவரிகள் அனைத்தையும் தருக.

அனைத்தையும்.
கொசப்பேட்டை ஒண்டுக்குடித்தனம்.
காகிதப்பட்டறையில் பதினோரு மாதம்.
விருதம்பட்டு, மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை.
கடைசியாகச் சொன்னது அவர்களிடம் இல்லாதது.
நானே சேர்த்துக் கொடுத்தேன்,
அழிக்கச் சொல்லி.

அடையாள அட்டையைப் படமெடுக்கும் முன்
பன்னிரண்டு எண்ணில் எட்டின் மேல்
ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன்.
மெரூன் நிறம், எட்டுப் பொட்டு.
திருப்பி அனுப்பினார்கள்: படம் தெளிவாக இல்லை.

அங்கே நான் இப்படி இருக்கிறேன்:
வயது ஐம்பத்திரண்டு. எனக்கு முப்பத்தொன்பது.
குடியாத்தத்தில் டிராக்டர் கடன், மூன்று தவணை பாக்கி.
டிராக்டரை ரோட்டில் பார்த்ததோடு சரி.
போன் நம்பர் மட்டும் என்னுடையது.
படவேட்டு அம்மன் பெயரை வைத்தார்கள் எனக்கு,
தலை ஒருத்தியுடையது, உடம்பு ஒருத்தியுடையது.
தவணை கேட்டுக் கூப்பிடுகிறவனுக்கு
எந்தப் பாதி பேசினாலும் போதும்.

கீழே சின்ன எழுத்தில்,
உடன் வசிப்பவர்: தணிகாசலம்.
நான்கு வருஷமாக உடன் வசிக்காதவர்.
ஆடியில் ஒரு மத்தியானம் கூப்பிட்டார்.
"மாடியில பச்சை பெட்ஷீட் காயுதே,
உன்னோடதா?"
அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

நான் என்ன விலை என்று பிறகு போய்ப் பார்த்தேன்.
நாற்பத்தொன்பது ரூபாய்.
எங்கள் கடையில் அந்த விலைக்கு
கைக்குட்டை மூன்று.

இந்த ஊருக்கே ஒரு பட்டியல் உண்டு:
தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
சாமியில்லாத கோயில்.
கோட்டைக்குள் சாமி திரும்பி வந்து
நாற்பது வருஷம் தாண்டிவிட்டது.
பாலாறுகூட ஒரு கார்த்திகையில்
தரைப்பாலத்தை முழுங்கிக் காட்டியது.
நேற்று பாகாயம் பஸ்ஸில் ஒருவர்
பக்கத்துச் சீட்டுக்காரரிடம்
அதே பட்டியலைச் சொல்லிச் சிரித்தார்.
அதைத் திருத்த
எந்தப் படிவம், எந்த முகவரி?

காலையில் லாங் பஜார். இரண்டாம் நம்பர் பில் கவுன்டர்.
பத்து வருஷமாக நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்:
"நம்பர் சொல்லுங்க."
சொல்லிவிடுவார்கள்.
உள்பாவாடை வாங்கியவள் குரலைத் தாழ்த்தி,
கோடித்துணி வாங்க வந்தவர் இருமுறை தப்பாக,
பிறகு சரியாக.
மாதக் கடைசியில் முதலாளியின் மச்சான் வருவார்,
சாவிக்கொத்தில் தொங்கும் பென் டிரைவோடு.
எங்கே கொண்டுபோகிறார் என்று கேட்டதில்லை.
அன்றைக்குத்தான் சம்பளம்.

இன்று கைக்குழந்தையோடு ஒருத்தி.
இரண்டு நைட்டி, ஒரு டர்க்கி டவல்.
"நம்பர் சொல்லுங்க" என்றேன், வாய்ப் பழக்கம்.
அவள் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.
எதைப் பார்க்கிறாள் என்று
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
எனக்குத் தெரியும் அந்தக் கழுத்து.

கடையின் நம்பரையே அடித்தேன்.
கல்லாவில் கிடந்த முதலாளியின் போன் கிணுங்கியது:
அன்பான வாடிக்கையாளரே, நன்றி, மீண்டும் வருக.
எடுத்துப் பார்த்தார்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
இன்னொருமுறை பார்த்தார்.
அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

நாளைக்கு ஒருத்திக்கு இது செல்லும்.
எத்தனை பேருக்குச் செல்லும் என்று தெரியாது.

நாற்பத்தைந்து வேலை நாட்களில் இன்று ஆறாவது.
ஞாயிறு கணக்கில் வராதாம்.
பச்சை பெட்ஷீட்டை அறைக்குள் கொடிகட்டிப் போடுகிறேன்.
முட்டை உடைத்து ஊற்றினால்
மொட்டைமாடியில் வெந்துவிடும் ஊர் இது.
உள்ளே, ஓரம் காயவே
மூன்று நாளாகிறது.